வாலிகண்டபுரத்துல நிக்காதுங்க

முருகனுக்கு ஆறுபடை வீடு. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவனுக்கு ஆறு சுங்கச்சாவடி. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம். ஆறிலும் காணிக்கை செலுத்தாமல் தரிசனம் கிடையாது. பொங்கலுக்கு முந்தின ராத்திரி என்றால் முதல் படைவீட்டிலேயே ஒரு மணி நேரம் கியூவில் நிற்கவும் வேண்டும்.

எனக்கு ஐந்தாவது படைவீடு வந்ததும் தூக்கம் தானாகக் கலைந்துவிடும். திருமாந்துறை தாண்டினால் எங்கள் சரகம். மங்களமேடு, ரஞ்சன்குடிக் கோட்டை, அப்புறம் வாலிகண்டபுரம். குரோம்பேட்டையில் குடியேறி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் ஓட்டுநர் அந்த இடத்தில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால், ‘நிறுத்தப் போகிறாரோ’ என்று மனசு எழுந்து உட்காரும். நிறுத்த மாட்டார். கிளாம்பாக்கத்தில் ஏறும்போதே நடத்துநர் சொல்லியிருப்பார்: “வாலிகண்டபுரமா? அங்கல்லாம் நிக்காதுங்க. பெரம்பலூர் டிக்கெட் எடுத்துட்டு நாலு ரோட்ல எறங்கிக்கங்க.”

இறங்கி, டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்து, வந்த வழியிலேயே திரும்பி வருவேன். என் வீட்டைத் தாண்டிப் போய்விட்டு வீட்டுக்கு வருகிற வழக்கம் இது.

இந்தச் சாலைக்குப் பெயர் பல. அப்பா தலைமுறைக்கு ஜி.எஸ்.டி. ரோடு, எங்களுக்கு என்.ஹெச். 45. இப்போது விழுப்புரத்துக்குத் தெற்கே 38 என்று எண்ணை மாற்றியிருக்கிறார்கள். ஊரில் கேட்டால் ‘மெயின் ரோடு’, அவ்வளவுதான். மாவட்டத் தலைநகரான பெரம்பலூருக்கு ரயில் நிலையம் கிடையாது; ரயில் வேண்டுமென்றால் அரியலூருக்குப் போக வேண்டும். பிழைக்கப் போனதும் திருவிழாவுக்குத் திரும்பியதும் இந்தத் தாரில்தான்.

பாலாறு வரைக்கும் சொல்ல எதுவுமில்லை. அது சென்னையின் வால். படாளத்தில் ஒருமுறை இறங்கி, மகளை வேடந்தாங்கலுக்குக் கூட்டிப் போனேன். நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் மரம் தெரியாமல் உட்கார்ந்திருந்தன. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால், அரசாங்கம் சரணாலயம் என்று பலகை வைப்பதற்குப் பல தலைமுறை முன்பே அங்கத்துச் சனங்கள் வேட்டைக்காரர்களை விரட்டியிருக்கிறார்கள். மகள் கேட்டாள்: “இது பிக்னிக் ஸ்பாட்டா, வயக்காடாப்பா?” இரண்டும்தான் என்றேன். அந்தப் பதில் எனக்கு அப்புறமும் வெகுநாள் உதவியது.

மேல்மருவத்தூரில் தைப்பூசம் நெருங்கினால் சாலையே செவ்வாடை உடுத்திக்கொள்ளும். அடுத்தது அச்சிறுபாக்கம். திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர் அச்சு முறிந்த இடம் அது. இந்த ரூட்டில் வண்டி பிரேக்டவுன் ஆன முதல் ஆள் அவர்தான். திண்டிவனம், விழுப்புரம் தூக்கத்தில் போய்விடும். உளுந்தூர்ப்பேட்டையில் மட்டும் சித்திரை மாதமென்றால் விழித்திருப்பேன். கூவாகம் கூத்தாண்டவர் கோயிலுக்குப் போகிற திருநங்கையர் கூட்டம் கூட்டமாக ஏறி இறங்கும் நாட்கள். ஒரு வருடம் பக்கத்து இருக்கையில் வந்தவர் மடி நிறைய மல்லிகைப்பூ வைத்துத் தொடுத்துக்கொண்டே வந்தார். கூத்தாண்டவரான அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாளே அதை அறுக்கப் போகிறவர். இறங்கும்போது ஒரு முழத்தைக் கிள்ளி என் மகளிடம் கொடுத்துவிட்டுப் போனார். பஸ்ஸில் அதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், “எனக்கும் ஒரு கண்ணி குடும்மா” என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

தொழுதூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலம். பெரும்பாலும் மணல்கூட மிச்சமில்லாத ஆறு. அதன் தென்கரையில் எங்கள் மாவட்டம்.

இனி நான் மெதுவாகத்தான் போவேன். அவசரம் உள்ளவர்கள் சமயபுரத்தில் காத்திருக்கலாம்.

எங்கள் பக்கம் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளைக் கரிநாள் என்போம். பட்டணத்தில் காணும் பொங்கல். அன்றைக்கு மெரினாவில் மணல் தெரியாது. குழந்தைகள் தொலையாமல் இருக்கக் கையில் அடையாள வளையம் கட்டுகிறார்கள். எங்களுக்கு மெரினா ரஞ்சன்குடிக் கோட்டைதான். “கரிநாளன்னிக்கு வீட்ல குந்திக்கிட்டு இருந்தா வருசம் பூரா குந்திக்கிட்டுத்தான் இருக்கணும்” என்று அப்பாயி, அப்பாவைப் பெற்றது, விடியற்காலையிலேயே எல்லாரையும் கிளப்பிவிடும். தூக்குவாளியில் புளிச்சோறு, இன்னொன்றில் கருவாட்டுக் குழம்பு, முந்தின நாள் வெட்டாமல் ஒளித்துவைத்த ஒரு கரும்பு. மாட்டின் கொம்பில் பூசிய வண்ணம் காய்ந்தும் காயாமலும் இருக்கும். வண்டியில் ஏறும்போது கை பட்டால் பாவாடையெல்லாம் நீலம்.

அப்போது சாலையின் இரண்டு பக்கமும் புளியமரங்கள். மேலே கிளைகள் கோத்துக்கொண்டு, ஊரிலிருந்து கோட்டை வரைக்கும் தலையில் வெயில் படாது. எதிரே லாரி வந்தால் வண்டியை மண்ணில் இறக்கி நிறுத்துவோம். லாரிக்காரரும் வேகத்தைக் குறைத்து, “என்ன, கோட்டைக்கா?” என்று கேட்டுவிட்டுப் போவார். நடந்து போகிற கூட்டமும் சேர்ந்துகொள்ளும். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வருகிற பாய்மார் வீட்டுப் பிள்ளைகளிடம் இருக்கும் பலூன் எங்களிடம் இருக்காது. அவர்களிடம் கரும்பு இருக்காது. பண்டமாற்று கோட்டை வாசலிலேயே முடிந்துவிடும்.

கோட்டை சின்னதுதான். செஞ்சியைப் பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் மூன்று சுற்று மதில், அகழி, உள்ளே மசூதி, குளம், உச்சியில் பீரங்கி மேடு என்று ஒரு பிள்ளை பகல் முழுக்க ஓட இடம் போதும். பாறைச் சரிவில் சறுக்குவோம். டவுசரின் பின்புறம் தேய்ந்து ஓட்டையாகும்வரை சறுக்குவதுதான் கணக்கு. பெண்கள் கும்மியடிப்பார்கள். அப்பாயி மட்டும் மேட்டின் உச்சியில், காற்று அடிக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கிருந்து பார்த்தால் புளியமரங்கள் ஒரு பச்சைக் கோடு. அதற்குள் பஸ் போவது தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும்.

அந்தச் சாலையைப் பார்த்தபடியே 1751இல் இங்கே ஒரு சண்டை நடந்திருக்கிறது. ஆர்க்காட்டிலிருந்து திருச்சிக்குப் போகிற பெருவழியில் இந்தக் கோட்டை இருந்ததுதான் காரணம். ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்கான போட்டியில் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம், முகமது அலிக்காக வந்த ஆங்கிலேயர்கள் மறுபக்கம். கோட்டைக்காரரோ இருவருக்கும் பிடிகொடுக்காமல் இழுத்தடித்தார். ஆங்கிலேயர்கள் பொறுமையிழந்து பேட்டையைக் கொளுத்தினார்கள், கோட்டை மசியவில்லை. கடைசியில் அவர்களே மிரண்டு திருச்சியை நோக்கிப் பின்வாங்கினார்கள். அந்தப் படையில் இருந்த ராபர்ட் கிளைவ் அதே வருடம் ஆர்க்காட்டைப் பிடித்தது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து அந்தப் படை ஓடியது மட்டும் அவற்றில் இல்லை. ஓர்ம் என்ற ஆங்கிலேயர் எழுதிய வரலாற்றில் இந்த இடத்தின் பெயர் ‘வோல்கொண்டா’. வெள்ளைக்காரன் பெயரைக் கெடுத்துவிட்டான் என்று சிரிப்போம். ஆனால் அருணகிரிநாதரின் திருப்புகழிலேயே ஊர்ப் பெயர் வாலிகொண்டபுரம்தான். வெள்ளைக்காரன் காதில் சரியாகத்தான் விழுந்திருக்கிறது.

வாலி பூசித்ததாகத் தலபுராணம் சொல்லும் வாலீஸ்வரர் கோயில் ஊருக்குள் இருக்கிறது. சோழர் கல்வெட்டுகள் உள்ள கோயில். எதிரே நின்று போரிடுகிறவனின் பலத்தில் பாதி வாலிக்கு வந்துவிடும் என்பார்கள். ஊருக்கு எதிரே இந்தச் சாலை வந்து நின்றபோது யாருடைய பலம் யாருக்குப் போனது என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

நான்குவழியாக்க வந்தவர்கள் முதலில் புளியமரங்களை வெட்டினார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் வெள்ளைப்பட்டையில் எண் போட்டிருக்கும். எங்கள் கொல்லைக்கு எதிரே நின்ற மரத்தை அப்பாயி எண் சொல்லித்தான் கூப்பிடும், பேரப்பிள்ளையைக் கூப்பிடுவதுபோல. வெட்டிய அன்று அது சாப்பிடவில்லை என்று எழுதினால் கதையாகிவிடும், சாப்பிட்டது. சாப்பிட்டுவிட்டு, “இனி புளி காசு குடுத்து வாங்கணும்” என்றது. ஏலத்தில் எடுத்து உலுக்குகிறவர்களுக்குத் தெரியாமல் கீழே உதிர்ந்ததைப் பொறுக்கியே வருடப் புளியைச் சேர்த்த வீடு எங்களுடையது.

அடுத்து, வீடு ஒரு பக்கமும் கொல்லை மறுபக்கமும் ஆயின. நடுவில் அரளிச்செடி வைத்த திட்டு. சுரங்கப்பாதை இருக்கும் இடத்துக்கு நடந்து போய்ச் சுற்றி வந்தால் ஆடு பட்டிக்கு வர இருட்டிவிடும். அதனால் எல்லாரும் அரளிக்குள் புகுந்துதான் கடப்பார்கள். அப்பாயிக்கு ஒரு முறை உண்டு. ஓரத்தில் நின்று, ஆட்டின் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வருகிற வண்டியின் விளக்கைப் பார்க்காது, சத்தத்தைக் கேட்கும். இரண்டு சத்தத்துக்கு நடுவே ஒரு மௌனம் வரும். “இப்ப” என்று சொல்லிவிட்டுத் திட்டு வரை ஓட்டம். அங்கே அரளிக்குள் நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் கேட்கும். எழுபது வயதில் தினமும் இரண்டு தடவை. நான் லீவில் போயிருந்தபோது ஒருநாள் என் கையையும் ஆட்டுக் கயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கடந்தது. அன்றைக்குப் பயந்த அளவுக்கு நான் வேறெங்கும் பயந்ததில்லை. அப்பாயி நோயில்தான் போய்ச் சேர்ந்தது. கறந்த பாலை ஊற்றிவிட்டுத் திரும்பிய பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ‘அடையாளம் தெரியாத வாகனம் மோதி’ என்று நாளிதழில் நான்கு வரி வந்தது. எங்கள் ஊரில் எல்லா வாகனமும் அடையாளம் தெரியாததுதான், ஒன்றும் நிற்காதே.

சாலை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டதை நாங்களும் கொஞ்சம் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். தை மாதம் வந்து பாருங்கள். சர்வீஸ் ரோட்டில் பாதியகலத்துக்கு மக்காச்சோளம் காயும். வண்டி ஏறாமலிருக்க ஓரமாகக் கருங்கல் வரிசை. காலால் அளைந்து கிண்டிவிடுகிற பெண்களின் முதுகுக்குப் பின்னால் கார்கள் ஹாரன் அடித்தபடி ஒதுங்கிப் போகும். ராத்திரியில் அந்தக் கல்லில் மோதி இருசக்கர வாகனக்காரர்கள் விழுகிறார்கள், தப்புத்தான். பெரம்பலூர் என்றாலே மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். வெங்காயத்துக்குக் கொல்லையிலேயே பட்டறை போட்டுக்கொள்ளலாம். சோளத்துக்குக் களம் வேண்டும். போதுமான உலர்களம் இல்லாத ஊரில் அரசாங்கம் வழவழவென்று தார் போட்டுக் கொடுத்தால் அதில் சோளம்தான் காயும். களத்தைக் கட்டிவிட்டு அபராதம் போடட்டும், கட்டுகிறோம்.

கோட்டைக்கு இப்போதும் கரிநாளில் கூட்டம் வருகிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதாகப் பலகை சொல்கிறது. பலகைக்கு அப்பால் அகழியில் முள்செடியும் காலி பாட்டிலும். பாறையில் காதலர் பெயர்கள், சாயம் புதுசு. போன வருடம் குரோம்பேட்டை நண்பர்கள் இருவர் என்னோடு வந்தார்கள். மலையேறும் காலணி, முதுகுப் பை, தொப்பி சகிதம். “டிரெக்கிங்குக்கு சூப்பர் ஸ்பாட்டுடா, யாருமே சொல்லலையே” என்றார்கள். பக்கத்தில் ரப்பர் செருப்போடு ஏறிக்கொண்டிருந்த அத்தை, “டிரெக்கிங்னா என்ன தம்பி?” என்று கேட்டாள். “சும்மா நடக்கிறது அத்தை.” “அதுக்கா இம்புட்டுப் பெரிய செருப்பு?”

உச்சியிலிருந்து பார்த்தால் பச்சைக் கோடு இல்லை. கறுப்பாக இரண்டு கோடு, நடுவே அரளியின் இளஞ்சிவப்பு. வண்டிகள் எல்லாமே தெரிகின்றன.

மிச்சச் சாலையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பெரம்பலூர் நாலு ரோடு. அப்புறம் சிறுவாச்சூர், மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும் என்பது தெரியாமல் வந்து, பூட்டிய கதவுக்குக் கும்பிட்டுவிட்டுப் போகிற சென்னைக் கார்களைப் பார்த்திருக்கிறேன். பாடலூர். பிறகு சமயபுரம்: மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் பக்தர்களுக்காக அம்மனே பச்சைப் பட்டினி கிடக்கிறாள், சித்திரைத் தேருக்கு மஞ்சள் சேலை கட்டிய கூட்டம் எங்கள் ஊரிலிருந்தும் ராத்திரியெல்லாம் இதே சாலையின் ஓரமாக நடந்து போகும். முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கில் ஆட்கள் நடக்கும் வழியில் நடைபாதை போடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கொள்ளிடம், காவிரி, திருச்சி. ஏறக்குறைய 320 கிலோமீட்டர், பஸ் காலி.

கோட்டைக்கு வர நினைப்பவர்கள் தையில் வாருங்கள், காற்று நன்றாக இருக்கும். மேலே தண்ணீர் கிடைக்காது. கையோடு கொண்டுபோய், காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். சர்வீஸ் ரோட்டில் சோளம் காய்ந்தால் ஓரம் பார்த்து ஓட்டுங்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் பெரம்பலூர் டிக்கெட்தான் எடுக்க வேண்டியிருக்கும்.