காத்திருப்பும் நம்பிக்கையும்



மாட்ரிட் நகரின் மருத்துவமனை ஒன்றில், என் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்த வேளையில் நான் அமர்ந்திருந்த அறையின் கதவில் ‘சாலா தே எஸ்பெரா’ என்று எழுதியிருந்தது. காத்திருக்கும் அறை என்பது அதன் பொருள்.

‘எஸ்பெரார்’ என்னும் ஸ்பானிய வினைச்சொல் காத்திருத்தல், எதிர்பார்த்தல், நம்பியிருத்தல் ஆகிய மூன்றையும் குறிக்கும். பேருந்துக்காக நிற்பவரும், பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் தாயும், நோயாளியின் சுகத்தை நாடுகிறவரும் அந்த ஒரே சொல்லை ஆளுகிறார்கள். நம்புதல் எனப் பொருள்படும் ‘ஸ்பெராரே’ என்ற லத்தீன் வினையே அதன் வேர்.

அருகிலிருந்த முதியவர் என்னிடம், ‘எஸ்பெரோ கே சால்கா பியென்’ என்றார். எல்லாம் நலமாய் முடியும் என நம்புகிறேன் என்பதே அவர் கூறியது. ஆயினும், நடப்பதை உறுதியாய்ச் சொல்லும் ‘சாலே’ என்ற வடிவத்தை அவர் ஆளவில்லை. இன்னும் நிச்சயமாகாததைச் சொல்லும் ‘சால்கா’ என்றே சொன்னார். நம்புகிறவனின் கையில் முடிவு இல்லை என்பதை அம்மொழியின் இலக்கணமே ஒப்புக்கொள்கிறது.

அதுவரை என் ஜெபத்தில் நான் தேவனுக்கு முடிவைக் கட்டளையிட்டுக்கொண்டிருந்தேன். அதன்பின் அதை அவர் கரத்தில் விட்டேன். மருத்துவர் கதவைத் திறக்குமுன்னரே என் உள்ளம் அமைதியடைந்தது.