காத்திருப்பின் வலிமை

பங்குத்தந்தை ஒருவர் பீரைப் பற்றி எழுதலாமா என்னும் தயக்கம் நமக்கு உண்டு. குடியால் சிதைந்த இல்லங்களின் படிகளில் எத்தனையோ முறை ஏறி இறங்கியிருக்கிறோம். நாற்பது வயது நிறையாத ஒருவரை அடக்கம் செய்துவிட்டு, அவர் மனைவியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க இயலாமல் நின்றிருக்கிறோம். "வெறும் பீர்தானே, சாமி" என்றே அவரும் தொடங்கினார். ஆயினும், சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறைக்காலப் பங்குப்பணிக்கு ஜெர்மனியின் பவேரியாவுக்குச் சென்றபோது கற்ற ஒரு பாடத்தைச் சொல்லாதிருக்க மனம் இசையவில்லை.

செப்டம்பர் 29, அதிதூதர் மிக்கேலின் திருநாள். திருப்பலி முடிந்ததும், பீர் ஆலையில் உழைத்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் நம்மைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். செம்பொன் நிறப் பீரைச் சிறு குவளையில் ஊற்றி நம்முன் வைத்தார். அதன் பெயர் 'மெர்ட்சன்'. 'மார்ச் மாதத்தது' என்று பொருள். இலையுதிர்கால விழாவின் பானத்திற்கு மார்ச் மாதப் பெயர் ஏன் என வினவினோம். "எல்லாம் இன்றைய திருநாளால் வந்தது, தந்தையே" என்று சிரித்தார்.

1553ஆம் ஆண்டில் பவேரியக் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் ஓர் ஆணை பிறப்பித்தார். புனித ஜார்ஜியார் திருநாளாகிய ஏப்ரல் 23 முதல் மிக்கேல் திருநாள் வரை பீர் காய்ச்சலாகாது என்பதே அது. கோடையில் காய்ச்சிய பீர் எளிதில் கெட்டுப்போகும். ஆகவே மார்ச்சிலேயே, முளைகட்டிய வாற்கோதுமையை மிகுதியாக இட்டு, வலிமை கூட்டிக் காய்ச்சி, குளிர்ந்த நிலவறைகளில் சேமித்தனர். 'லாகர்' என்னும் பெயரே சேமித்து வைத்தலைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லினின்று வந்தது. மாதங்கள் செல்லச் செல்ல முரட்டுத்தன்மை அடங்கித் தெளிவு பிறந்தது.

சிறிது சுவைத்தோம். சுட்ட ரொட்டியின் மேலோட்டை நினைவூட்டும் மணம். இனிமைபோல் தொடங்கித் திகட்டாமல் முடியும் சுவை. ஹாப்ஸ் பூவின் கசப்பு அடக்கமாகப் பின்னே நின்றது. வலிமை எங்கே என்று தேடவேண்டியிருந்தது.

ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. அந்நாட்டின் சாதாரண வெளிர்நிற லாகரில் ஆல்கஹால் சுமார் 5 விழுக்காடு. விழாப் பீரில் சுமார் 6. வேறுபாடு சிறிதெனத் தோன்றும். ஆனால் மியூனிக் விழாவில் ஒரு லிட்டர் குவளையிலன்றோ ஊற்றுகிறார்கள்! அதில் 60 மில்லி தூய ஆல்கஹால் உண்டு. நம் ஊரில் விற்கும் 42.8 விழுக்காடு பிராந்தியில் 140 மில்லிக்கு அது ஈடு. ஏறத்தாழ முக்கால் குவார்ட்டர்!

முதியவர் சிறு குவளையொன்றோடு நிறுத்திக்கொண்டார். "இவ்வலிமை பீர் கெடாதிருப்பதற்கு, தந்தையே, நாம் கெடுவதற்கு அன்று" என்றார்.

1870களில் கார்ல் வான் லிண்டே உருவாக்கிய குளிரூட்டும் இயந்திரம் பீர் ஆலைகளுக்குள் வந்தது. கோடையிலும் காய்ச்சலாம் என்றாயிற்று. காத்து வைக்கும் தேவை நீங்கியது. வலிமை மட்டும் தங்கிவிட்டது. நோக்கம் மறைந்தபின் எஞ்சி நிற்கும் வலிமையை மனிதன்தான் கட்டிக்காக்க வேண்டியிருக்கிறது.

இன்றும் நம் பங்கில் இளைஞர் சிலர், "வெறும் பீர்தானே, சாமி" என்கின்றனர். முன்போல் நாம் சினப்பதில்லை. அருகில் அமர்த்தி அந்தக் கணக்கைச் சொல்கிறோம். அன்று அந்த ஒருவருக்கு அதைச் சொல்ல நமக்குத் தெரிந்திருக்கவில்லையே என்பதுதான் நம் நெஞ்சின் பாரம்.