தாய் பாட, மகள் ஆட

நாட்டியமேதை டி. பாலசரஸ்வதியைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய அம்மா ஜெயம்மாளை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை.

1918-ல் சென்னையில் பாலசரஸ்வதி பிறந்தபோது அந்த வீட்டில் சங்கீதத்துக்குப் பஞ்சமில்லை. பாட்டி வீணை தனம்மாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜார்ஜ் டவுன் வீட்டில் அவர் வாசிப்பதைக் கேட்கப் பெரிய வித்வான்களே வந்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்களாம். ஜெயம்மாளும் நல்ல பாடகி. ஆனால் குழந்தை கேட்டது நாட்டியம். நம் கபாலீஸ்வரர் கோயிலில் ஆடிய மயிலாப்பூர் கௌரி அம்மாளைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை அது.

சதிர் என்றாலே ஊர் முகம் சுளிக்கத் தொடங்கியிருந்த காலம். சில வருஷங்களில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறைக்கு எதிராகச் சட்டசபையில் குரல் எழுப்பினார்; 1947-ல் சட்டம் வந்தது. அந்த முறை ஒழிந்தது நியாயம்தான், அதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. ஆனால் அந்தச் சூட்டில் ஆட்டமும் சேர்ந்து கருகப் பார்த்ததே! அப்படிப்பட்ட நேரத்தில், பாட்டு மட்டும் போதும் என்று பெண்ணை உட்கார வைத்திருந்தால் ஜெயம்மாளை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ நாலு வயதுக் குழந்தையைக் கந்தப்ப பிள்ளையிடம் ஒப்படைத்தார். தஞ்சை நால்வர் வழியில் வந்தவர். கண்டிப்புக்குப் பெயர் போனவர். 1925-ல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அம்மன் சந்நிதியில் அரங்கேற்றம்.

மற்றப் பிள்ளைகளையும் பாருங்கள். ரங்கநாதனுக்கு மிருதங்கம், குரு பழனி சுப்பிரமணிய பிள்ளை. விஸ்வநாதனுக்குப் புல்லாங்குழல், குரு திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை. தனக்குத் தெரிந்த பாட்டையே எல்லோர் தலையிலும் கட்டாமல், யாருக்கு எது வரும் என்று பார்த்து, அதற்கேற்ற ஆசானைத் தேடியிருக்கிறார் அந்த அம்மாள். பின்னாளில் இரண்டு பிள்ளைகளும் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொடுத்தார்கள்.

எங்கள் குடியிருப்பில் ஒரு பெண், மாட வீதிப் பக்கம் மகளை நாட்டிய வகுப்பில் விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் ஸ்கூட்டரில் உட்கார்ந்து செல்போன் பார்ப்பாள். போன மாதம் என்னிடம், "மாமா, இவளுக்கு இது வருமா வராதான்னு தெரிஞ்சுட்டா, பேசாம கணக்கு டியூஷன்ல போட்டுடலாம்" என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளே எட்டு வருஷம் பாட்டுக் கற்றுக்கொண்டவள். "வீட்டில் குழந்தை ஆடும்போது நீ பாடுவதுண்டா அம்மா?" என்று கேட்டேன். "குரலே போயிடுத்து மாமா" என்று சிரித்தாள். சிரிப்பு முழுசாக இல்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் ஒத்திகைக்கு 'ரெபெத்திசியோன்' என்பார்கள். திரும்பச் செய்வது என்றே பொருள். வாரம் இரண்டு நாள் வகுப்பு சரி, மீதி ஐந்து நாள் திரும்பச் செய்வது வீட்டில்தானே? கூட யாராவது இருந்தால் குழந்தைக்கு அலுப்புத் தெரியாது.

ஜெயம்மாள் மகளைச் சேர்த்துவிட்டதோடு நிற்கவில்லை. பெண்ணின் ஆட்டத்துக்குத் தானே பாடினார்; அதுவும் வருஷக்கணக்காக. ஒரே வரியை அவர் வேறு வேறு சங்கதியில் திரும்பப் பாட, மகள் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பாவம் காட்டுவாராம். சபையின் கண்ணெல்லாம் மகள்மேல். தனியாகக் கச்சேரி செய்யக்கூடிய ஞானம் உள்ளவர் அப்படி உட்கார்ந்து பாடினார் என்பதுதான் என்னை அசைக்கிறது.

1967-ல் ஜெயம்மாள் காலமானார். 1973-ல் மியூசிக் அகாடமி பாலசரஸ்வதிக்குச் சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது. சங்கீதத் துறையினர் வாங்கிவந்த பட்டம், நாட்டியக் கலைஞர் ஒருவருக்குக் கிடைத்தது அதுவே முதல் தடவை.