வாட்சன் சொன்ன பொய்

கோனன் டாயில் எழுதாத ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைச் சேர்க்கிறது ஹவுஸ் சர்ஜன் காலத்துல பிடிச்ச கிறுக்கு. டாயில் போன பிறகு அதே பாணியில மத்தவங்க எழுதினது, ஆகஸ்ட் டெர்லெத்தோட சோலார் பான்ஸ் மாதிரி சாயல் துப்பறிவாளர்கள், எல்லாம் பழைய புத்தகக் கடையில பொறுக்கினது. பாதிக்கு மேல சுமார்தான், மறைக்க என்ன இருக்கு.

ஒண்ணை மட்டும் யாருக்கும் இரவல் தர்றதில்ல. நிக்கோலஸ் மேயர் 1974-ல எழுதின 'தி செவன் பெர்சென்ட் சொல்யூஷன்'.

ஹோம்ஸ் 7 சதவீத கொக்கெய்ன் கரைசலை ஊசி போட்டுக்கிறது டாயிலே 1890-ல எழுதினதுதான். மேயர் அதை ஒரு நோயா எடுத்துக்கிட்டார். பரம எதிரி மோரியார்ட்டியைத் துரத்துறதா நம்ப வெச்சு, வாட்சன் அவரை வியன்னாவுக்கு, ஃப்ராய்ட்கிட்ட சிகிச்சைக்குக் கொண்டுபோறார். (அந்த ஃப்ராய்டே 1884-ல கொக்கெய்னைப் புகழ்ந்து கட்டுரை எழுதினவர். அது தனிக் கதை.)

சில வருஷம் முன்னாடி ஓபியில ஒரு அம்மா, "சுகர் டெஸ்ட்"னு சொல்லி வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்தாங்க. குடிநோய். விஷயம் புரிஞ்சதும் அவர் எழுந்து போயிட்டார். நான் அந்தம்மாவைத் திட்டினேன். "பொய் சொல்லிக் கூட்டிட்டு வரலாமாம்மா?" அவங்க எதுவும் பேசல. ஓபி சீட்டை மடிச்சு பைக்குள்ள வெச்சுக்கிட்டுக் கிளம்பினாங்க.

அன்னைக்கு நைட் டூட்டியில இந்தப் புத்தகத்தைத்தான் மறுபடி புரட்டினேன். வாட்சன் பொய் சொல்ற பக்கத்து ஓரத்துல, முன்ன எப்பவோ நானே பென்சில்ல எழுதினது இருந்தது: 'எப்பேர்ப்பட்ட சிநேகிதன்!'

அந்தம்மா அப்புறம் வரவே இல்ல.