கவிழ்ந்து பழகு!

டல்லாஸுக்குக் கிழக்கே இருக்கு லேக் ஃபோர்க் ஏரி. டெக்சாஸ் மாநிலத்தின் ரெக்கார்ட் பாஸ் மீன் 1992-ல் சிக்கியது இங்கேதான். எடை 8 கிலோவுக்கும் மேல்! தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரங்களில்தான் பாஸ் பதுங்கும். மோட்டார் படகு தயங்குகிற அந்தச் சந்துக்குள் கயாக் ஈஸியா நுழையும்.

"எந்தத் தூண்டில் வாங்கலாம் சித்தப்பா?" என்றேன்.

"முதல்ல லைஃப் ஜாக்கெட்டை மாட்டுடா!" என்றார்.

மற்றபடி, மேலே உட்காரும் அகலமான வாடகை கயாக், ஏழடித் தூண்டில், ரப்பர் புழு. ஆரம்பத்துக்கு அது போதும்.

முதல் மீன் இழுத்ததும் ஆசையில் எட்டிக் குனிந்தேன். கயாக் குப்புறக் கவிழ்ந்தது. மீன் எஸ்கேப். கயிற்றில் கட்டிய தூண்டில் தப்பியது. ஜாக்கெட் போட்ட நானும்! ஆனா, திரும்ப ஏறத் தெரியலை. சித்தப்பாதான் கரைக்கு இழுத்து வந்தார்.

ஃப்ரெண்ட்ஸ், முதல் நாள் கரையோரமா கவிழ்ந்து, ஏறிப் பழகுங்க. மீன் அப்புறம்!