அடைமழையில் தாராசுரம்

தாராசுரம்,
ஐப்பசி.

அன்புள்ள தோழிக்கு,

நீ கேட்டிருந்தது கோயிலைப் பற்றி. அதற்கு வருகிறேன். முதலில் துணிக்கொடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே வந்ததிலிருந்து நான் அதிகம் அண்ணாந்து பார்த்தது விமானத்தை இல்லை, கொடியைத்தான். தாழ்வாரத்தில் இரண்டு, கூடத்தில் ஒன்று, சமையற்கட்டில் அடுப்புக்கு மேலே ஒன்று. எல்லாவற்றிலும் பாப்பாவின் துணிகள். காலையில் போட்டது சாயங்காலம் தொட்டால் சில்லென்று இருக்கிறது. மறுநாள் தொட்டால் ஈரம் போயிருக்கும், வாடை வந்திருக்கும். நம் கோவையில் மழை வந்தால் பெய்துவிட்டுப் போகும். இங்கே அது பெட்டியை இறக்கி வைத்த விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிடுகிறது. விடாமல் பெய்கிறது என்றும் சொல்ல முடியாது. நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும், நடுநிசியில் கொட்டும், விடிந்ததும் ஒன்றும் தெரியாத மாதிரி மூடிக்கொண்டு நிற்கும்.

பெரியம்மாவிடம் இதற்கு ஒரு வழி இருக்கிறது. மாமியாரின் அக்காவானாலும் என் கணவரை வளர்த்த கை அவருடையதுதான், அதனால் எனக்கும் பெரியம்மா. இரும்புச் சட்டியில் தணல் அள்ளி, மேலே துளி சாம்பிராணி தூவி, அதன்மேல் பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடையின் முதுகில் குழந்தைத் துணிகளை விரித்துவிடுகிறார். அரைமணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடுகிறது. சூடாக மடித்துக் கையில் கொடுக்கும்போது எனக்கே கன்னத்தில் வைத்துக்கொள்ளத் தோன்றும். குழந்தையைக் குளிப்பாட்டியதும் அந்தப் புகையைத் தலைக்கும் காட்டவேண்டும் என்பது அவர் கட்சி. புகை பச்சைக் குழந்தையின் நெஞ்சுக்கு ஆகாது என்பது என் கட்சி, டாக்டர் சொன்னது.

"பொகையா? ஒம் புருஷன் என்ன வானத்துலேருந்தா குதிச்சான்? இந்தக் கூடைத் துணியிலதாம்மா வளந்தான்."

"துணிக்குக் காட்டுங்க பெரியம்மா, வேணாங்கல. புள்ளைக்கு வேணாம்."

இப்போது கூடை தாழ்வாரத்தின் அந்தக் கோடியில், பாப்பாவின் தூளி கூடத்தில். இடையில் ஒரு கதவு. சமாதான உடன்படிக்கை அவ்வளவுதான்.

காவிரி பாயும் பூமி, வளம், பசுமை என்று வெளியூர்க்காரர்களாகிய நாம் பேசிவிட்டுப் போகிறோம். ஐப்பசியில் இங்கே குழந்தையோடு இருந்து பார், இந்த ஊர் வீடுகளில் முக்கால்வாசி வேலை உலர்த்துவதுதான் என்பது புரியும். தெருவுக்கு வந்தாலும் அதே கதை. குறுவை அறுத்தவர்கள் நெல்லைத் தார்ச்சாலையில் ஒரு ஓரமாகக் கொட்டிக் காலால் துழாவிக்கொண்டே போகிறார்கள். நாலு தூறல் விழுந்ததும் தார்ப்பாயை இழுத்துப் போர்த்துகிறார்கள். வெயில் எட்டிப் பார்த்தால் மறுபடி விரிக்கிறார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. மழை மிஞ்சும் ஆண்டுகளில் அந்த அளவைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு தில்லிக்குக் கடிதம் எழுதுவது ஏறக்குறைய ஒரு ஐப்பசிச் சடங்கு. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கும் ஆண்டுகளில் குறுவை பொழுதோடு கரையேறிவிடும் என்றும், தாமதமானால் அறுப்பு நேராக இந்த மழையில் வந்து மாட்டும் என்றும் பெரியப்பா விளக்கினார். நெல் நனைந்து முளைவிட்டால் அதை யாரும் தொடமாட்டார்கள். இந்த முளைத்த நெல்லை மறந்துவிடாதே, கோயிலில் மறுபடி வரும்.

அடுத்த வீட்டில் பட்டுத்தறி. சௌராஷ்டிரர் குடும்பம். நாயக்கர் காலத்தில் தஞ்சைப் பக்கம் வந்து தங்கிய நெசவாளர் மரபு. வீட்டுக்குள் அவர்கள் பேசுவது தமிழ் இல்லை, ஆனால் பாப்பாவைக் கொஞ்சும்போது மட்டும் தமிழாகிவிடுகிறது. அவர்களுடையது குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு மிதிக்கட்டையை மிதித்து நெய்வது. அடைமழைக்கு அந்தக் குழியில் ஊற்று எடுக்கிறது. காலையில் எழுந்ததும் அந்த வீட்டம்மாவுக்கு முதல் வேலை குழித் தண்ணீரைச் சொம்பால் மொண்டு வாளியில் ஊற்றுவது. தெருவில் பாவு நீட்டவும் வழியில்லை. பட்டிழை ஈரத்தில் நமத்து ஒட்டிக்கொள்கிறது. தீபாவளிக்கு முன்னால் இரவு பகலாக நெய்து கொடுத்தவர்களுக்கு இப்போது கட்டாய ஓய்வு. ஓய்வுக்குக் கூலி கிடையாது. பட்டுப்புடவை விலையைப் பற்றிக் கடையில் நாம் பேசும் பேரத்தில் இந்தச் சொம்பு எங்கேயாவது வருகிறதா? அந்த அம்மாதான் நேற்றுக் கல்யாண முருங்கை இலையை அரிசியோடு அரைத்துச் சுட்ட அடை கொண்டுவந்து கொடுத்தார். சளிக்கு நல்லதாம். பச்சை வாடை இருக்கும் என்று பயந்தேன். மிளகு கூடுதலாகப் போட்டிருந்தார், நாலு தின்றுவிட்டேன்.

சமையலைப் பற்றி நீ விரிவாக எழுதச் சொல்வாய் என்று தெரியும். இந்த மாதத்துச் சமையல் சித்திரை வெயிலில் சமைத்தது. புரியவில்லையா? பெரியம்மாவின் அடுக்களை அலமாரியில் இருக்கும் சுண்டை வற்றல், மணத்தக்காளி வற்றல், கொத்தவரை வற்றல், மோர்மிளகாய் எல்லாம் மொட்டைமாடியில் கத்திரி வெயிலில் காய்ந்தவை. இவற்றுக்கெல்லாம் ராஜா வடகம். தாளிப்பதற்கு உள்ள வடகத்தைச் சொல்கிறேன், பொரித்துத் தின்பதை இல்லை. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, பகலில் வெயிலில் உதிர்த்துக் காயவைத்து, இரவில் திரும்ப உருண்டை பிடித்து, மறுநாள் மறுபடி உதிர்த்து, இப்படிப் பல நாள். நல்லெண்ணெய் காய்ந்ததும் ஒரு சிட்டிகை கிள்ளிப் போட்டால் தெருமுனை வரைக்கும் தெரியும். வெளியே கொட்டும் மழையில் காய்கறி வண்டி வராத நாளில் வற்றல் குழம்பும் சுட்ட அப்பளமும் போதும். காய்கறி கிடைக்கவில்லை என்று சொல்வதுகூடத் தப்பு. தாராசுரம் மார்க்கெட்தான் கும்பகோணத்துக்கே காய்கறி மொத்த மார்க்கெட், பெரியப்பா விடியற்காலையில் குடையோடு போய் அவரைக்காயும் சேனையும் வாங்கி வந்துவிடுகிறார். கீரை மட்டும் வேண்டாம் என்பது பெரியம்மாவின் உத்தரவு. மழைக்காலக் கீரையில் மண்ணும் பூச்சியும் போகாது.

பிள்ளை பெற்று மாதங்கள் ஆகியும் எனக்குப் பத்தியம் இன்னும் முழுசாக முடியவில்லை. பூண்டை முழுசு முழுசாகப் போட்டு மிளகுக் குழம்பு, தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையல். பால் ஊறவேண்டும் என்று பால்சுறா கிடைத்த அன்று புட்டு. வேகவைத்து, தோலுரித்து, உதிர்த்து, வெங்காயமும் பூண்டும் வதக்கிப் புரட்டியது. எனக்கு லேசாகத் தும்மல் வந்ததும் வயல் நண்டு ரசம் வைத்தார். நண்டை உரலில் தட்டிப் பிழிந்த சாற்றில் மிளகும் சீரகமும் பூண்டும் இடித்துப் போட்டது. மூக்கில் நீர் வடிய வடியக் குடித்தேன். அப்புறம் தும்மல் நின்றதா, தும்மப் பயந்துவிட்டேனா தெரியாது.

பாப்பாவுக்கு ஏழாம் மாதம். பருப்புத் தண்ணீர், குழைந்த சோறு, நெய் என்று மெல்ல ஆரம்பித்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பக்கத்து வீடுகளில் இட்லிக்குக் கடப்பா வைப்பார்கள். கும்பகோணத்துக்காரர்களுக்கு அது இல்லாமல் ஞாயிறு விடியாது. பாசிப்பருப்பையும் உருளைக்கிழங்கையும் குழைய வேகவைப்பது முதல் பாதி. தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, கசகசா, பச்சைமிளகாய் அரைத்து விட்டு, பட்டை கிராம்பு தாளித்து, இறக்கியபின் எலுமிச்சை பிழிவது இரண்டாம் பாதி. முதல் பாதி முடிந்ததும் பெரியம்மா ஒரு குழிக்கரண்டி எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் தனியே வைத்துவிடுகிறார். அது பாப்பாவின் பங்கு. உப்பு இல்லை, காரம் இல்லை, கையால் நசுக்கி ஒரு சொட்டு நெய். வாயைத் திறந்து திறந்து காட்டுகிறாள். மூக்கில் பாதி, பெரியப்பாவின் வேட்டியில் மீதி.

தேன் தொட்டு நாக்கில் வைக்கும் பேச்சு எழுந்தது. ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியைச் சின்னக் குடல் தாங்காது என்று சொன்னேன். இந்த விஷயத்தில் பெரியம்மா வாதாடவில்லை, ஆச்சரியம். வசம்பைச் சுட்டு உரைத்து ஊட்டுவதையும் விட்டுக்கொடுத்து, வசம்புக் காப்பாகக் கையில் கட்டிவிட்டார். வாயில் போகாதபடி இறுக்கிக் கட்டு என்றேன். "அத கடிக்க மொதல்ல பல்லு வரட்டும்" என்றார்.

இவ்வளவு உலர்த்தும் ஊரில் ஈரம் இருந்தே ஆகவேண்டிய ஒன்றும் உண்டு. தீபாவளி நோன்புக்கு அதிரசம். பச்சரிசியை ஊறவைத்து வடித்து, வேட்டித் துணியில் நிழலில் பரப்பி, கையில் அள்ளினால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும்போது அள்ளிவிட வேண்டும். முழுக்கக் காய்ந்துவிட்டால் மாவு பாகை ஏற்காது, அதிரசம் கல்லாகும். காயாவிட்டால் எண்ணெயில் பிரிந்துபோகும். வெல்லப்பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டினால் உருண்டு வரவேண்டும். பெரியம்மா அரிசியைத் தொட்டுப் பார்த்த விதம் கொஞ்சநேரம் முன்பு பாப்பாவின் அடியைத் தொட்டு நனைத்திருக்கிறாளா என்று பார்த்த அதே விதம். இதைச் சொன்னதற்குத் திட்டு வாங்கினேன். நோன்புப் பண்டத்தைப் போய் எதோடு சேர்க்கிறாய் என்று.

சரி, கோயில். இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. இந்திரனின் வெள்ளை யானை வழிபட்டதால் ஐராவதேசுவரர். தஞ்சைப் பெரிய கோயில் ஏற்கெனவே இருந்த யுனெஸ்கோ பட்டியலில் 2004இல் ஏறியது. கல் தேர்ச்சக்கரம், தட்டினால் இசை எழும் படிகள் எல்லாம் நீ படத்தில் பார்த்ததுதான். படிகளைக் கம்பி போட்டு மூடிவிட்டார்கள். மழைக்காலத்தில் இந்தக் கோயிலுக்குள் தண்ணீர் தேங்கிவிடும், சுற்றிலும் ஊர் உயர்ந்துவிட்டது, கோயில் பள்ளத்தில் நிற்கிறது. நாங்கள் போன அன்றும் முன்பக்கம் கணுக்கால் ஆழம். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாசி வழுக்காமல் பெருவிரலை ஊன்றி ஊன்றி நடந்தேன். கூட்டமே இல்லை, மழைக்கு நன்றி.

நான் பார்க்கப் போனது பெரியபுராணப் பட்டையை. சேக்கிழார் அந்த நூலைச் செய்தது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். அவன் மகன் இந்த ராஜராஜன், அப்பா காலத்து நூலைக் கல்லில் ஏற்றிவிட்டான். விமானத்தின் அடியில் வரிசையாகச் சின்னச் சின்னச் சிற்பங்கள், நாயன்மார்களின் பெயர்ப் பொறிப்போடு. பெரிதாகச் செதுக்கி நம்மை அண்ணாந்து பார்க்கவைக்காமல், குனிந்து தேடவைத்திருக்கிறார்கள்.

இளையான்குடி மாறனாரை நினைத்துக்கொண்டேதான் போனேன். அவர் கதை முழுக்க முழுக்க இந்த மாதிரி ஓர் இரவில் நடப்பது. செல்வம் கரைந்துபோன உழவர். நடுநிசி, மழை, வாசலில் பசியோடு ஒரு சிவனடியார். வீட்டில் மணி அரிசி இல்லை. அன்று பகலில் வயலில் விதைத்த நெல்முளையை வாரிவந்தால் சமைக்கலாம் என்று வழி சொல்வது மனைவி. அவர் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இருட்டில் காலால் தடவித் தடவிப் போய் வாரிவருகிறார். விறகு இல்லை என்றதும் கூரையின் வரிச்சை வெட்டித் தருகிறார். அந்த அம்மா சேறு கழுவி, நனைந்த முளைநெல்லை வறுத்து ஈரம் போக்கி, குத்தி, சோறாக்கி, கொல்லையில் பறித்த இளங்கீரையை விதவிதமாகக் கறி பண்ணுகிறாள். கதையை எல்லோரும் மாறனாரின் தியாகம் என்று சொல்கிறார்கள். சாலையில் நெல்லைத் துழாவும் ஆட்களையும் தறிக்குழியில் நீர் மொண்ட கையையும் பார்த்துவிட்டு வந்த எனக்கு, அந்த இரவின் கஷ்டமான வேலை வறுத்ததுதான் என்று தோன்றியது. முளைவிட்ட ஈர நெல்லை, கூரைக் கழி விறகில், தீய்ந்துவிடாமல் வறுப்பது. பெயர்ப் பொறிப்பு மாறனாருக்குத்தான்.

இதே வரிசையில்தான் சிறுத்தொண்டரும் இருக்கிறார். பிள்ளைக் கறி. அதைத் தேடவில்லை. அந்தக் கதைக்கு எந்தப் பெரியவர் எந்தத் தத்துவம் சொன்னாலும், இடுப்பில் ஒரு குழந்தை என் தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருக்கும்போது எனக்குச் செல்லாது. அம்மன் சன்னதிப் பக்கம் திரும்பிவிட்டேன்.

வரும் பௌர்ணமிக்குச் சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம். கங்கைகொண்ட சோழபுரத்தில் அந்தப் பெரிய லிங்கத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி வடித்துச் சாத்துவார்கள். வானம் வெறித்தால் போகலாம் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். நீயும் வாயேன். கோவையிலிருந்து மயிலாடுதுறை ஜனசதாப்தியில் காலையில் ஏறினால் மதியம் கும்பகோணம், அங்கிருந்து ஆட்டோவில் பத்துப் பதினைந்து நிமிடம். தீபாவளி லேகியமும் ஒரு சம்படம் அதிரசமும் உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். வரும்போது உங்கள் அப்பாவின் பழைய பருத்தி வேட்டி நாலைந்து கொண்டுவா, நைந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. புதுத் துணி தண்ணீரை உறிஞ்சுவதில்லை. டயபர் பொட்டலம் வாங்கி வராதே, பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு உன்னையும் சேர்த்துப் பேசுவார்.

அன்புடன்,
உன் தோழி