லூயிஸ் நகரத்துச் சொக்கப்பனை

இங்கிலீஷ்காரர்கள் உணர்ச்சியை வெளியில் காட்டாதவர்கள் என்று நம் ஊரில் படித்தவர்கள் எல்லோரும் சொல்வது வழக்கம். நாமும் கல்லூரியில் அப்படித்தான் படித்தோம். பிறகு வாத்தியாராகி, பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தோம். அதே வாத்தியார் உத்தியோகம் நம்மைக் கடல் கடத்தி லூயிஸ் என்ற ஊரில் கொண்டு சேர்த்த பிறகுதான், அந்த அபிப்பிராயம் வருஷத்தில் 364 நாட்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று தெரிந்து கொண்டோம். பாக்கி ஒரு நாள் நவம்பர் 5-ஆம் தேதி.

லண்டனில் விக்டோரியா ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் லூயிஸ் வந்துவிடும். கிழக்கு ஸஸெக்ஸ் ஜில்லாவுக்கு இதுதான் தலைநகர். சுற்றிலும் புல் மூடிய சுண்ணாம்புக் குன்றுகள். நடுவில் நார்மன் காலத்துக் கோட்டை. கீழே ஊஸ் நதி. ஜனத்தொகை சுமார் 17,000.

வந்த புதிதில் இவர்களுடைய ஆசாரங்களைக் கற்றுக்கொள்ள நமக்குச் சில மாதங்கள் பிடித்தன. "மழை பெய்கிறதே!" என்று ஒருவர் சொன்னால், "ஆமாம், பெய்கிறது" என்று ஆமோதித்துவிட வேண்டும், மேற்கொண்டு ஆராய்ச்சியில் இறங்கலாகாது. கடைத் தெருவில் ஒருவர் நம் காலை மிதித்துவிட்டால், மிதிபட்டவர்தான் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்த வழக்கத்தை அறிந்த பிறகு, இவர்கள் இந்தியாவில் இருந்த காலமெல்லாம் நம்மவர்களிடமிருந்து எதை எதிர்பார்த்திருந்தார்கள் என்பது ஒருவாறு விளங்கிற்று.

ஆனால் ஊர் சாதாரணமான ஊர் அல்ல. 1264-ஆம் வருஷம் மே 14-ஆம் தேதி இந்த ஊர்க் குன்றின் மேல்தான் ஸைமன் டி மான்ட்போர்ட் என்ற பிரபு மூன்றாம் ஹென்றி அரசனைத் தோற்கடித்துச் சிறைப்படுத்தினார். அடுத்த வருஷம் ஜனவரியில் அவர் கூட்டிய பார்லிமெண்டுக்கு நகரங்களின் பிரதிநிதிகளும் அழைக்கப்பட்டார்கள். 1768 முதல் 1774 வரை தாமஸ் பெயின் இங்கே கலால் இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். மாலையில் ஒயிட் ஹார்ட் விடுதியில் வாதப் பிரதிவாதம். பகலில் சம்பள உயர்வுக்காக விண்ணப்பம். முடிவில் வேலை போயிற்று. மனிதர் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, 1776-இல் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டு, அந்தத் தேசத்தின் சுதந்திர வேட்கைக்குத் தீ மூட்டினார். குமாஸ்தாவின் சம்பள விண்ணப்பத்தைச் சர்க்கார் அலட்சியம் செய்வது எவ்வளவு அபாயகரமானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

2024-ஆம் வருஷம் ஜூலை 4-ஆம் தேதி நடந்த பொதுத் தேர்தலில் நாமும் ஓட்டுப் போட்டோம். காமன்வெல்த் தேசத்துப் பிரஜை சட்டப்படி இங்கே குடியிருந்தால் பார்லிமெண்டுத் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்பது இவர்கள் சட்டம். அட்டவணையில் பெயரைத் தேடிக் கோடு கிழித்து, சீட்டையும் பென்ஸிலையும் கொடுத்து, "நன்றி" என்றார்கள். வாசலில் எஜமானருக்காக இரண்டு நாய்கள் சாதுவாகக் காத்துக் கொண்டிருந்தன. நம் பாட்டனாரை ஒரு வார்த்தை கேளாமல் அவரை ஆண்டது இந்தப் பார்லிமெண்டு. அதற்கு அவர் பேரன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் காப்பி குடிக்க வீட்டுக்கு வந்தான். வெகு நேரம் அந்தக் காப்பியின் ருசி நமக்குத் தெரியவில்லை.

இனி நவம்பர் 5-ஆம் தேதிக்கு வருவோம். 1605-ஆம் வருஷம் கை பாக்ஸ் என்பவரும் அவருடைய கத்தோலிக்கத் தோழர்களும் பார்லிமெண்டையும் அரசனையும் வெடி மருந்து வைத்துத் தகர்க்கச் செய்த சதி அகப்பட்டுக்கொண்ட நாள் அது. தேசமெங்கும் அன்று வாண வேடிக்கை உண்டு. லூயிஸில் மட்டும் அதனோடு வேறொரு கணக்கும் சேர்ந்திருக்கிறது. 1555 முதல் 1557 வரை, மேரி ராணியின் ஆட்சியில், புராடஸ்டண்டு மதத்தினர் 17 பேரை இந்த ஊரில் உயிரோடு எரித்தார்கள். அந்த 17 பேருக்காக இன்றும் 17 சிலுவைகளை எரியவிட்டுத் தெருவில் தூக்கிச் செல்கிறார்கள்.

ஊரில் இதற்கென்றே சங்கங்கள் இருக்கின்றன. சங்கத்துக்குச் சங்கம் வெவ்வேறு நிறத்தில் பட்டை போட்ட கம்பளிச் சட்டை. அன்று மாலை கடைக்காரர்கள் கண்ணாடி ஜன்னல்களுக்குப் பலகை அடிக்கிறார்கள், சாலைகளை மூடுகிறார்கள், ரயில்கூட லூயிஸில் நிற்காமல் போய்விடுகிறது. இருட்டியதும் ஆயிரக்கணக்கான பந்தங்கள். கைபாக்ஸ், 1605-இல் இருந்த போப்பாண்டவர் ஐந்தாம் பால் ஆகியோரின் உருவங்களோடு, அந்தந்த வருஷத்தில் ஜனங்களின் கோபத்துக்கு ஆளான அரசியல்வாதிகளுக்கும் இடமுண்டு. 2015-இல் பிரதம மந்திரி டேவிட் காமெரான். 2016-இல் அமெரிக்காவின் டிரம்ப். திருவிழாச் சூரசம்ஹாரத்தில் சூரனுக்குத் தலை மாறுவதுபோல, இங்கே வருஷந்தோறும் தலை மாறுகிறது.

2024-ஆம் வருஷத் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பு, பதினாறு வயதான நம் குமாரத்தி, "அப்பா, நம் சங்கத்தில் எனக்கும் பந்தம் தருகிறார்களாம்" என்றாள். "நம் சங்கம்" என்ற வார்த்தை நம்மைத் தூக்கிவாரிப் போட்டது. இந்த ஊர்வலத்தில் ஒரு கூட்டத்தார் நெடுங்காலமாக ஆப்பிரிக்க ஸுலுக்களைப்போல் வேஷமிட்டு, முகத்தில் கறுப்புச் சாயம் பூசி வந்தார்கள். விழாவுக்கு வந்த மெய்யான ஸுலு நாட்டியக்காரர்களே ஆட்சேபித்த பிறகுதான், 2017-இல், அந்தச் சாயத்தை விட்டார்கள். பிறர் மதத்தைப் பழித்து எழுதிய துணியோ இன்னும் தெருவின் குறுக்கே தொங்குகிறது. இதில் நம் வீட்டுப் பெண் எதற்காகத் தீவட்டி பிடிக்க வேண்டும்?

பக்கத்து வீட்டு அம்மையாரிடம் யோசனை கேட்டோம். எண்பது வயதுக் கத்தோலிக்க விதவை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். அவர் உள்ளே சென்று, பட்டை போட்ட பழைய கம்பளிச் சட்டை ஒன்றை எடுத்து வந்தார்.

"இது நான் பின்னியது. என் கணவர் நாற்பது வருஷம் இதைப் போட்டுக்கொண்டு பந்தம் பிடித்தார். போப்பாண்டவரைப் பழிக்கும் துணியை மட்டும் ஒரு நாளும் தொட்டதில்லை. அது எங்கள் கலியாண ஒப்பந்தம்."

"உங்களுக்கு வருத்தமாக இராதா?" என்று கேட்டோம்.

"இருக்கும். அந்தப் பதினேழு பேரை எரித்தவர்கள் என் மதத்தினர்தாமே? அதை நினைக்க வேண்டாமென்று நான் எப்படிச் சொல்வது? நினைக்கிறவர்கள் என்னையும் சேர்த்து எரிக்காமலிருந்தால் போதும். நீங்களும் பெண்ணோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்."

அப்படியே செய்தோம். முகத்தில் சாயம் கூடாது. யாருடைய மதத்தைப் பழிக்கும் துணியையும் தொடலாகாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாம் கூப்பிடும் இடத்துக்கு வரவேண்டும். குழந்தை மூன்றுக்கும் சம்மதித்தாள்.

ஐந்தாம் தேதி இரவு கூட்டத்தில் நின்று பார்த்தோம். பீப்பாய்கள் எரிந்தன, வெடிச் சத்தத்தில் காது அடைத்துப் போயிற்று. மழையைப் பற்றி மட்டுமே பேசுகிற நம் பாங்கிக் குமாஸ்தா, கடல் கொள்ளைக்காரன் வேஷத்தில் கூச்சலிட்டுக் கொண்டு போனார். பிறகு 17 சிலுவைகள் வந்தன. அவற்றின் பின்னால் சற்றுத் தூரத்தில் நம் பெண், பந்தத்தை நேரே பிடித்து, கார்த்திகைச் சொக்கப்பனைக்கு முன்னால் நிற்பவள்போல் முகம் சிவந்து நடந்து வந்தாள். கோபித்துக்கொள்ள நம்மால் முடியவில்லை.

10-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, யுத்தத்தில் மாண்டவர்களை இங்கிலாந்து முழுவதும் நினைவுகூரும் நாள். அம்மையாரும் உடன் வர, மேற்கே பிரைட்டனுக்கு மேலுள்ள குன்றுக்குப் போனோம். முதல் உலக யுத்தத்தில் காயமடைந்த இந்தியச் சிப்பாய்களுக்கு, பிரைட்டனிலிருந்த அரச மாளிகையையே ஆஸ்பத்திரியாக்கினார்கள். பிழைக்காமற்போன ஹிந்துக்களும் சீக்கியர்களுமாக 53 பேரை இந்தக் குன்றின்மேல் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் சலவைக் கல்லில் எட்டுத் தூண்களோடு ஒரு மண்டபம் நிற்கிறது. "சத்ரி" என்று பெயர். குடை என்று அர்த்தம். 1921 பிப்ரவரியில் வேல்ஸ் இளவரசர் இதைத் திறந்து வைத்தார். அதே வருஷம் நவம்பரில் அவர் பம்பாயில் வந்து இறங்கியபோது நம்மவர்கள் ஹர்த்தால் செய்து வரவேற்றார்கள். எரிந்தவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்து இங்கே வைத்தது 2010-ஆம் வருஷத்தில்தான்.

பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரப் புல்லில் நின்று, 53 பெயர்களையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். சில பெயர்களில் தடுமாறி, திரும்பவும் சரியாகப் படித்தாள். கொண்டு வந்த அகல் விளக்கைக் காற்று எரியவிடவில்லை. அம்மையார் தம் கைகள் இரண்டையும் குவித்து மறைத்துப் பார்த்தார், அப்போதும் நிற்கவில்லை.

"ஐம்பது வருஷமாக இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நான் இங்கே வந்ததில்லை. மன்னிக்க வேண்டும்" என்றார் அம்மையார்.

ஊர் வழக்கப்படி, "இல்லை, நாங்கள்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்று சொல்ல நம் நாக்கு எழுந்தது. அடக்கிக்கொண்டோம். "வந்தீர்களே, சந்தோஷம்" என்று மட்டும் சொன்னோம்.

திரும்பி இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. "மழை பெய்கிறதே!" என்றார் அம்மையார்.

"ஆமாம், பெய்கிறது" என்றோம்.